எலும்பின் அடர்த்தியும் உறுதியும்

தில்லி மோதி பாக் அரசு ஊழியர் குடியிருப்பில் மாலை வேளையில் உலவும் முதியவர்களிடையே ஓர் எண் இப்போது அடிக்கடி பேசப்படுகிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனை தரும் 'டி' மதிப்பெண்ணே அது. உலக சுகாதார நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டு வரையறைப்படி, அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் எலும்பு மெலிவு நோய் எனக் கொள்ளப்படும். ஆயினும் எலும்பின் உறுதியை இந்த ஓர் எண்ணைக் கொண்டே அளந்துவிட முடியுமா?

முடியாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், குடிநீரில் மிகுந்திருந்த புளோரைடினால் விளைந்த எலும்பு நோயை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937இல் விவரித்தனர். இந்நோயில் எலும்புகள் எக்ஸ்ரே படத்தில் வழக்கத்தைவிட அடர்த்தியாகவே தெரியும். எனினும் முதுகு விறைத்து, மூட்டுகள் இறுகி, மனிதர் உழைக்கும் ஆற்றலை இழக்கின்றனர்.

பின்னர் அமெரிக்காவில், எலும்பு மெலிவுற்ற பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் சோடியம் புளோரைடு அளித்து ஆராய்ந்தனர். 1990இல் வெளியான முடிவின்படி, முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் முதுகெலும்பு அல்லாத பிற எலும்புகளின் முறிவுகள் கூடின.

காரணம் யாது? அடர்த்தி என்பது எலும்பிலுள்ள தாதுப்பொருளின் அளவை மட்டுமே காட்டுகிறது. உட்புற வலைப்பின்னலின் அமைப்பு, புறச்சுவரின் தடிப்பு, கொலாஜன் புரதத்தின் தன்மை, பழைய எலும்பு கரைந்து புதியது உருவாகும் வேகம் ஆகியனவும் உறுதியை நிர்ணயிக்கின்றன. தலா வருமானம் உயர்ந்தமை, அது எவ்வாறு பகிரப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. எலும்பின் நிலையும் அத்தகையதே.

ஆகவே மருத்துவர்கள் வேறு விவரங்களையும் கணக்கில் கொள்கின்றனர். வயது, முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து முதலியவற்றைக் கொண்டு, அடுத்த பத்தாண்டுகளில் முறிவு நேரும் வாய்ப்பைக் கணிக்கும் 'ஃபிராக்ஸ்' முறை 2008இல் வெளியிடப்பட்டது. பார்வைக் குறைவு, தசைத் தளர்ச்சி, வழுக்கும் குளியலறை ஆகியவையும் கவனத்திற்குரியன. விழாதவருக்கு இடுப்பெலும்பு முறிவும் அரிதே.

எலும்பு நலம் மருத்துவமனையோடு முடிவதன்று. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதும், வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 1.5 வரை ஏற்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் ஒருவகையில் எலும்பைக் காக்கும் திட்டமே.