ஆறு வளர்த்த நகரம்



ஈப்போவுக்குப் போகாதவர் நம்மில் யார்? தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வேலை முடிந்ததும் பஸ் பிடித்துத் திரும்பிவிடுகிறோம். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவியிடம், "ஈப்போவில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி பெஞ்சியைப் பார்த்தேன், சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில், பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு, பிள்ளைகளோடு அந்நகரை நடந்தே பார்த்து வந்தேன்.

இத்தாலி நாட்டிலே வெனிஸ் என்றொரு நகரம் உண்டு. அங்கே கால்வாய்களே தெருக்கள். அந்நகரை அறிய வேண்டுமானால் நீரின் போக்கைப் பார்க்கவேண்டும். ஈப்போவை அறியவும் அதுவே வழி. கிந்தா ஆற்றில் படகுகள் மேலேறி வரக்கூடிய எல்லையாக ஈப்போ இருந்தது. ஆகவே, சுற்று வட்டாரத்தில் தோண்டிய ஈயம் இங்கே படகேறியது. அரிசியும் மற்றச் சாமான்களும் இங்கே இறங்கின. படகு நின்ற இடத்தில் சந்தை கூடியது. சந்தை கூடிய இடம் நகரமாயிற்று. பின்னர் படகின் வேலையை ரயில் எடுத்துக்கொண்டது. மலாயாவில் ரயில் பாதை போட்டவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

காம்பாரிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ரயிலில் போனால், இறங்கும் நிலையமே முதல் பாடம். ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த இந்த வெண்ணிறக் கட்டடம் 1917-இல் திறக்கப்பட்டது. எதிரே நிற்பது ஈப்போ மரம். இதன் பாலைத்தான் பூர்வகுடி மக்கள் ஊதுகுழல் அம்பில் நஞ்சாகத் தடவினார்கள். ஊருக்குப் பெயர் தந்ததும் இம்மரமே.

அங்கிருந்து 1909-இல் எழுந்த பர்ச் மணிக்கூண்டைப் பார்த்துவிட்டுப் பழைய நகரின் தெருக்களில் நடக்கலாம். இங்குள்ள கோப்பிக் கடைகளில்தான் 'வெள்ளைக் கோப்பி' பேரெடுத்தது. கோப்பிக் கொட்டையை மார்ஜரின் சேர்த்து வறுத்து, கெட்டிப் பால் விட்டுக் கலக்குகிறார்கள். லாகாட் சாலைப் பக்கம் போனால் நம்மவர் கடைகள். தோசையும் வடையும் கிடைக்கும். அடுத்துள்ள புந்தோங் பகுதி 'கச்சாங் பூத்தே'க்குப் பெயர் பெற்றது. முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை என்று நம் வீட்டுத் தீனியை நாடு முழுவதும் தெரியவைத்தவர்கள் அங்குள்ள தமிழர்களே.

பிறகு பாலத்தைக் கடந்தால் புதிய நகரம். அங்கே கோழியோடு பரிமாறும் 'தௌகே' என்னும் பயற்று முளை குட்டையாய், பருமனாய் இருக்கும். சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் தண்ணீரே அதற்குக் காரணம் என்பது ஊரார் பேச்சு. ஆக, ஊரை வளர்த்த நீர் உணவிலும் இருக்கிறது!

பாலத்தின் நடுவில் அந்த மாணவி நின்றாள். "படகு வந்த ஆறு ஏன் சார் இவ்வளவு கலங்கலாய் இருக்கிறது?" என்று கேட்டாள். சுரங்கங்கள் கழுவிவிட்ட மணலும் சேறும் காலமெல்லாம் ஆற்றில் படிந்ததைச் சொன்னேன். 1985-இல் ஈய விலை சரிந்து, சுரங்கங்கள் பல மூடப்பட்டன. காம்பாரைச் சுற்றி நாம் காணும் பெரிய குட்டைகள் அவை விட்டுச் சென்றவையே. "அப்படியென்றால் நம்ம ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரே கதைதானா?" என்றாள். ஒரு முழு ஆண்டுப் பாடம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது.

பெற்றோர்களே! நீங்கள் தோட்டத்தில் இருந்தாலும் சரி, தோட்டம் மூடப்பட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோயிருந்தாலும் சரி, அடுத்த முறை ஈப்போ போகும்போது பஸ் ஏறுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு குடை, ஒரு போத்தல் தண்ணீர், பொட்டலம் கச்சாங் பூத்தே போதும். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அதற்காகத்தானே நாங்கள் இருக்கிறோம்.