வீட்டில் கிடக்கும் பழைய அம்ப்ளிஃபையரை மாற்றிக்கொள்ளலாமா?

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களில் பழைய வீட்டைக் காலி செய்யும்போதோ, கோயில் சாமான் அறையைச் சுத்தம் செய்யும்போதோ, சில சமயம் ஒரு கனத்த இரும்புப் பெட்டி வெளியே வரும். மேலே கண்ணாடி வால்வுகள், பக்கத்தில் கறுப்பாக இரண்டு மூன்று டிரான்ஸ்ஃபார்மர்கள். தாத்தா பாட்டுக் கேட்ட அம்ப்ளிஃபையர். அதைப் படம் எடுத்து யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் போதும், அதைக் கொடுத்துவிட்டு இந்தப் புது செட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆள் வந்துவிடும்.

கொடுப்பதில் தவறு எதுவும் இல்லை. பாடாத பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் மாற்றிக்கொள்வது, விற்பதைவிடச் சிக்கலான காரியம். விற்றால் வெள்ளி கைக்கு வரும். நாலு பேரிடம் விசாரித்தால் விலை கூடவா குறைவா என்று தெரிந்துவிடும். மாற்றும்போது இரண்டு பக்கமும் பொருள்தான். நம் பெட்டியின் மதிப்பும் தெரியாமல், எதிரில் இருப்பவர் பெட்டியின் மதிப்பும் தெரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள்.

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்க வேண்டும். தோட்டத்துத் திருவிழாவிலும் கல்யாணப் பந்தலிலும் கூம்பு ஸ்பீக்கர்களை ஓட்டிய அம்ப்ளிஃபையர் ஒரு வகை. நீண்ட கம்பியில் பல ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தை அனுப்பவும், பேச்சு தெளிவாகக் கேட்கவும் செய்யப்பட்டது அது. வீட்டில் உட்கார்ந்து இசை கேட்கச் செய்யப்பட்டது வேறு வகை. சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தேடுவது இதைத்தான். திருவிழா அம்ப்ளிஃபையர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சந்தையில் பெரிய விலை போகாமல் இருக்கலாம். ஆனால் அதில் உள்ள வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் நல்லவையாக இருந்தால், அதற்காகவே கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் பழைய இரும்பு லோரிக்கு எடைக்குப் போடுமுன் வால்வுகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வகையில் பெயர் பெற்றவை பல. இங்கிலாந்தின் குவாட் 2 மாதிரி 1953இல் வந்தது. கே.டி. 66 வால்வுகள் கொண்டது. ஒரு பெட்டிக்கு 15 வாட் மட்டுமே. அமெரிக்காவில் மராண்ட்ஸ் 9 மாதிரி 1960இலும், மெக்கின்டோஷ் எம்.சி. 275 மாதிரி 1961இலும் வந்தன. ஜப்பானின் சான்சுயி ஏ.யூ. 111 மாதிரி 1965இல் வந்தது. சான்சுயி 1947இல் தோக்கியோவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் நிறுவனமாகத் தொடங்கியது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். வால்வு அம்ப்ளிஃபையரில் ஒலியின் தரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது டிரான்ஸ்ஃபார்மர்தான்.

பெயரை மட்டும் வைத்து விலை பேசக்கூடாது. மராண்ட்ஸ் நிறுவனத்தை அதன் நிறுவனர் சால் மராண்ட்ஸ் 1964இல் சூப்பர்ஸ்கோப் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதன் பிறகு அதே பெயரில் ஜப்பானில் செய்யப்பட்டவையும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் வந்த மராண்ட்ஸ் 2270 போன்ற டிரான்சிஸ்டர் ரிசீவர்களுக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவை 1960இன் மராண்ட்ஸ் அல்ல. சான்சுயி பெயரும் அப்படித்தான். பிற்காலத்தில் பல நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. முகப்பில் அந்தப் பெயர் இருக்கிறது என்பதற்காக, பிற்காலத்து மினி காம்போவை யாராவது “அரிய பொருள்” என்று நீட்டினால் ஏமாற வேண்டாம்.

“அரியது” என்ற சொல்லையே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். பலர் விரும்புவதால் கிடைக்காமல் போன பொருளும் அரியதுதான். பழுதானால் உதிரிப் பாகம் கிடைக்காததால் ஒவ்வொன்றாக அணைந்துபோய், எஞ்சி நிற்கும் பொருளும் அரியதுதான். 1974இல் யமாஹா வெளியிட்ட பி-1 அம்ப்ளிஃபையர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் இருப்பது வி-ஃபெட் என்ற தனிவகை டிரான்சிஸ்டர். அதை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பெட்டி அழகாக இருக்கும், அருமையாகப் பாடும். ஒரு நாள் அந்த டிரான்சிஸ்டர் போனால், ஜாலான் பாசாரில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அதே பாகம் கிடைப்பது சந்தேகம். இதற்கு நேர்மாறாக, அறுபது எழுபது வருடத்து வால்வு அம்ப்ளிஃபையருக்கு இன்றும் வால்வு வாங்கலாம்; இ.எல். 34, கே.டி. 88 போன்றவை புதிதாகவே தயாராகின்றன. வயதில் மூத்தது பழுதுபார்க்க எளிது, இளையது கடினம். மாற்றிக்கொள்ள வருபவர் “உங்களுடையதைவிடப் புதியது, அபூர்வமானது” என்று சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் எந்தப் பாகம் போனால் இது குப்பை?

அதே கேள்வியை நம் பெட்டியைப் பார்த்தும் கேட்க வேண்டும். வால்வு தேயும், மாற்றலாம். கபாசிட்டர் எனப்படும் மின்தேக்கி காய்ந்துபோகும், மாற்றலாம். அசல் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால், அதே சுற்றும் அதே இரும்பும் கொண்ட இன்னொன்று கிடைப்பது மிகக் கடினம். ஆகவே பழைய அம்ப்ளிஃபையரின் உயிர் அதில்தான் இருக்கிறது. நல்ல பொறியாளர் கபாசிட்டரை மாற்றியிருந்தால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம். கழற்றிய அசல் பாகங்களை ஒரு பையில் போட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிய பெட்டி வேறு கதை.

வால்விலும் ஒரு சூழ்ச்சி உண்டு. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் அந்தக் காலத்தில் செய்த முல்லார்ட் வால்வுகளுக்கு நல்ல மதிப்பு. ஆனால் முல்லார்ட் என்ற பெயர் இப்போது வேறு கைக்குப் போய், அதே பெயருடன் ரஷ்யாவில் செய்த வால்வுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை மோசமானவை அல்ல. பழையவை அல்ல, அவ்வளவுதான். பழைய எழுத்தைப் போலியாக அச்சிட்டு விற்பதும் நடக்கிறது. இதில் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. சோதித்துப் பார்க்கிறேன் என்று பெட்டியை எடுத்துப்போகிறவர் நல்ல வால்வைக் கழற்றிக்கொண்டு சாதாரண வால்வைச் செருகித் திருப்பிக் கொடுத்தால், வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் தெரியாது. பெட்டி வீட்டை விட்டுப் போகுமுன் ஒவ்வொரு வால்வையும் எழுத்து தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து வரிசை எண்ணையும் சேர்த்து.

ஆர்வத்தில் பெரும்பாலோர் செய்யும் காரியம், இருபது வருடம் கிடந்த பெட்டியைச் சுவரில் செருகி விசையைப் போடுவது. அதைச் செய்யவே கூடாது. நம் ஊர் ஈரக்காற்று பழைய காகிதக் கபாசிட்டர்களுக்குள் இறங்கிவிடும். அவை தடுக்க வேண்டிய நேர்மின்சாரத்தைத் தடுக்காமல் வால்வுக்குள் கசியவிடும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கும், உள்தகடு சிவந்து எரியும், அதோடு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். பாட்டு ஒரு வரி கேட்பதற்குள் பெட்டியின் மதிப்பு பாதியாகிவிடும். உள்ளே பல்லி செத்துக் கிடந்து இரண்டு கம்பிகளை இணைத்துவிட்டிருப்பதும் நம் ஊரில் அதிசயம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் கருவியைப் பயன்படுத்துவார்கள். அல்லது பழைய வகை இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துப் பார்ப்பார்கள். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பும். வால்வு அம்ப்ளிஃபையருக்குள் 300, 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். மூடியைக் கழற்றி விரலை விடும் வேலை வேண்டாம்.

எதிரில் வரும் பெட்டி ஜப்பானில் விற்கப்பட்டதா என்றும் பாருங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். மலேசியாவில் 2008 முதல் பெயரளவில் 230, அதற்கு முன் 240. பின்பக்கத் தகட்டில் 100 என்று மட்டும் போட்டிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் வாங்கியாக வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதும் பேரத்தில் ஒரு பகுதி.

குடும்பங்களுக்குள் நடக்கும் ஒரு விபரீதத்தையும் சொல்ல வேண்டும். குவாட் 2 போன்றவை ஒற்றை அலைவரிசைக் கருவிகள். ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்க இரண்டு பெட்டிகள் வேண்டும். அப்பா இறந்தபின் பாகம் பிரிக்கும்போது அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று கொடுத்தால் நியாயமாகத்தான் தோன்றும். உண்மையில் இருவருக்கும் நஷ்டம். ஜோடியாக இருக்கும்போது கிடைக்கும் மதிப்பு, தனித்தனியாக விற்று இரண்டையும் கூட்டினாலும் வராது. ஒருவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு மற்றவருக்கு வெள்ளியாகக் கொடுப்பதே கணக்குக்கு உதவும்.

ஒரு முறை கைவிட்டால் திரும்ப வாங்க முடியுமா? அமெரிக்காவில் நடந்தது இதற்குப் பாடம். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1930களில் திரையரங்குகளுக்காகச் செய்த அம்ப்ளிஃபையர்களுக்கு, அரங்குகள் புதிய கருவிகளுக்கு மாறியபோது அங்கே மதிப்பே இல்லாமல் போயிற்று. அவற்றையும், மராண்ட்ஸின் வால்வுக் கருவிகளையும் 1970, 80களில் ஜப்பானிய ரசிகர்கள் தேடித்தேடி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த நிறுவனத்தின் 300 பி என்ற வால்வின் தயாரிப்பு 1988இல் நின்றது. கேட்பவர்கள் விடவில்லை; 1997இல் மறுபடியும் தயாரிக்கத் தொடங்கினார்கள். மெக்கின்டோஷ் நிறுவனமும் 1993இல் எம்.சி. 275 மாதிரியைத் திரும்பக் கொண்டுவந்தது. இதிலிருந்து வீட்டுக்காரருக்கு ஒரு தெளிவு கிடைக்கும். அந்த ஒலிதான் வேண்டும் என்றால், சில மாதிரிகளுக்கு மறுதயாரிப்பு இருக்கிறது, பிறகு வாங்கலாம். தாத்தாவின் கை பட்ட பெட்டிதான் வேண்டும் என்றால் அதற்கு மறுதயாரிப்பு இல்லை.

மாற்றுவது என்று முடிவானால், இரண்டு பொருளையும் தனித்தனியே வெள்ளியில் மதிப்பிட்ட பிறகே பேச வேண்டும். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை விலையே அல்ல. உண்மையில் விற்றுப்போன விலைதான் கணக்கு. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதிச் சந்தையும் பழைய இசைத்தட்டு, ஒலிக்கருவிக் கடைகளும் இருக்கின்றன. அங்கே இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் படத்தைக் காட்டி, வாங்கினால் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டாலே ஓரளவு பிடிபடும். எதிரில் வரும் பெட்டியைக் குறைந்தது ஒரு மணி நேரம் பாடவிட்டுக் கேளுங்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாகப் பாடி, சூடேறியதும் கரகரக்கும் பெட்டிகள் நிறைய. உங்கள் ஸ்பீக்கரிலேயே கேட்பது இன்னும் நல்லது. 15 வாட் அம்ப்ளிஃபையர் எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டிவிடாது.

கடைக்காரரிடம் மாற்றினால் இரண்டு மாதிரியின் பெயர், வரிசை எண், மதிப்பு எல்லாம் எழுதிய ரசீது வாங்க வேண்டும். வியாபாரியிடம் தகராறு வந்தால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். வியாபாரம் செய்யாத தனியாளோடு மாற்றிக்கொண்டால் அந்த வழி கிடையாது. அங்கே கையெழுத்திட்ட ஒரு தாளும் கைப்பேசிப் படங்களும்தான் துணை.

கோயில் அம்ப்ளிஃபையர் என்றால் பேச்சு வேறு. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது, சாமி சிலையோடு மணியும் உண்டியலும் ஒலிக்கருவியும் சேர்ந்தே வந்தன. அவற்றில் சில இன்னும் சாமான் அறையில் கிடக்கின்றன. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த கோயிலாக இருந்தால் அது சங்கத்தின் சொத்து. தலைவரோ பொருளாளரோ தனியாகக் கைமாற்ற முடியாது. புது மைக் செட்டுக்குப் பதிலாக அதைக் கொடுப்பது நல்ல பேரமாகவே இருக்கலாம். ஆனாலும் செயலவைக் கூட்டத்தில் வைத்து, இரண்டு பேரிடம் விலை கேட்டு, குறிப்பேட்டில் எழுதிய பிறகே லோரியில் ஏற்ற வேண்டும். நன்கொடையாகக் கொடுத்த குடும்பம் இன்னும் கிள்ளானில் இருந்தால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் முறை.