பொரி உள்ளானின் இரண்டு ஊர்கள்

திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூரை நோக்கிச் செல்லும் வழியில், ஐப்பசி மழைக்கு நிரம்பித் தை பிறந்ததும் மெல்ல வற்றத் தொடங்கிய கண்மாய் ஒன்றின் கரையில், விடியற்காலையில் அசையாது அமர்ந்திருப்பவர், நீரும் சேறும் கூடும் ஓரத்திலே, மைனாவை விடச் சற்றுச் சிறியதும், நெடிய கால்களும் நேரான அலகும் உடையதுமான பழுப்புப் பறவையொன்று, இரண்டடி நடப்பதும் ஒரு கொத்துக் கொத்துவதுமாக இரை தேடக் காண்பார். ஊரார் அதை உள்ளான் என்பர். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருப்பதால், இது எந்த உள்ளான் என்று தெளிவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும்.

பழுப்பு முதுகில் பொரியை வாரி இறைத்தாற்போல் வெளிறிய புள்ளிகள் செறிந்து, வெண்புருவம் கண்ணைக் கடந்து பின்னோக்கி நீண்டு, கால்கள் மஞ்சள் கலந்த பசுமையாக இருந்தால், அது பொரி உள்ளான். அதன் உறவினமான கருப்பு உள்ளானுக்கு முதுகு இருண்டிருக்கும்; புள்ளிகள் நுண்ணியவை; புருவம் கண்ணோடு நின்றுவிடும். சாதாரண உள்ளானுக்கோ மார்பின் வெண்மை சிறகின் முன்புறமாகத் தோளை நோக்கி ஏறியிருக்கும். பின்னுடலை ஓயாமல் ஏற்றி இறக்குவது அதன் சுபாவம். இத்தனைக்குப் பின்னும் சந்தேகம் தீராவிட்டால், பறவை எழும்பும்வரை காத்திருப்பதே உத்தமம். சிறகின் அடிப்புறம் வெளிறியிருந்தால் பொரி உள்ளான். கரியதாயிருந்தால் கருப்பு உள்ளான். எழும்பும்போது 'சிப்-இப்-இப்' என்று பொரி உள்ளான் விரைந்து எழுப்பும் கீச்சுக்குரல், பழகிய காதுக்குக் கண்ணைக் காட்டிலும் நம்பகமான சாட்சி.

1758-இல் லின்னேயஸ் விஞ்ஞானப் பெயர் சூட்டிய இப்பறவை, ஸ்காண்டிநேவியா முதல் ரஷ்யாவின் கீழ்க்கோடி வரை பரந்து கிடக்கும் வடபுலச் சதுப்பு நிலங்களில் பிறக்கிறது. நான்கு முட்டைகளைத் தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்து அதிக நாள் செல்லுமுன்பே தாய் தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிட, அவை பறக்கும் பருவம் எய்தும்வரை காப்பது பெரும்பாலும் தந்தையின் பொறுப்பு. முதிர்ந்த பறவைகள் ஆடி மாதத்திலேயே இந்தியாவை எட்டத் தொடங்குகின்றன. அவ்வாண்டுப் பிறந்த இளம்பறவைகளோ, அறுபது எழுபது கிராம் எடையே கொண்ட உடலோடு, பெற்றோரின் வழிகாட்டுதல் இன்றி, பிறவியிலேயே அமைந்த திசையறிவைத் துணைகொண்டு, பின்னால் வந்து சேர்கின்றன. இத்தகைய பிரயாணிகளின் வழித்தடத்தை அறியவே, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நம் கோடியக்கரையில் பறவைகளின் கால்களுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வருகின்றனர்.

நீர்ப்பூச்சி, புழு, சிறு நத்தை ஆகியவையே இதன் ஆகாரம். இதன் கால்கள் சில விரற்கடை ஆழத்துக்கே போதுமாதலால், ஆழ்ந்த நடுக்குளம் இதற்குப் பயன்படாது. கண்மாய் நாளொன்றுக்குச் சாணளவு பின்வாங்கினால், அந்தச் சாணளவு ஈரச்சேறு அன்றைய பந்தியாக விரிகிறது. சித்திரையில் வடக்கே திரும்புமுன், நெடும்பயணத்துக்கு எரிபொருளாகத் தோலின் கீழ்க் கொழுப்பைச் சேமித்துக்கொள்வதும் இப்பந்தியில்தான்.

ஆடி முதல் சித்திரை வரை கணக்கிட்டுப் பார்த்தால், பிறந்த ஊரில் கழிப்பதைக் காட்டிலும் அதிக மாதங்களை இது தென்னாட்டிலேயே கழிக்கிறது. அதனால் இதை விருந்தாளி என்பதை விட, இரண்டு ஊர்க்காரர் என்பதே பொருத்தம். ஆகவே, கண்மாயைத் தூர்வாரும்போது சுற்றிலும் செங்குத்தாக வெட்டிவிடாமல், ஒரு பக்கமேனும் சரிந்து இறங்கும் ஆழமற்ற ஓரத்தை விட்டுவையுங்கள். அந்தச் சேற்றில் குப்பையைக் கொட்டாதீர்கள். வெறுஞ்சேறு என்று நாம் ஒதுக்கும் அந்த இடமே அதன் ஊர்.