குமாஸ்தா எழுதிய ஒளிக் கணக்கு

நட்சத்திரங்களின் ஏற்ற இறக்கத்தைக் கண்காணிப்பதில் விஞ்ஞானிகளுக்குக் கைகொடுப்பவர்கள் மொட்டை மாடி ஆர்வலர்கள். அவர்களுக்கு உரிய மரியாதை கிடைக்கிறதா?

மும்பை கோவண்டியில் வானம் பார்ப்பது லேசான காரியமல்ல. ஒரு பக்கம் தேவ்னார் குப்பை மேடு. இன்னொரு பக்கம் கண்ணைக் கூசும் விளக்கு வெளிச்சம். இந்த வானத்தில் பால்வீதியைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவில் மொட்டை மாடிக்குப் போனால், சிவந்த திருவாதிரை நட்சத்திரம் இங்கேயும் தெரியும்.

2019 இறுதியில் இதே திருவாதிரை விஞ்ஞானிகளைப் பரபரப்பில் ஆழ்த்தியது. மளமளவென்று மங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. வெடிக்கப் போகிறதோ என்ற பேச்சுகூடக் கிளம்பியது. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததே காரணம் என்று 2021ல் வெளியான ஆய்வு கூறியது. அந்த மாதங்களில் திருவாதிரையின் ஒளியை இரவுதோறும் அளந்து குறித்தவர்களில் ஆசிரியர்கள், என்ஜினியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பல தொழில் செய்பவர்களும் உண்டு. வானியல் அவர்களுக்குத் தொழில் அல்ல.

பெரிய ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்யக் கூடாதா? செய்வது கடினம். ராட்சத டெலஸ்கோப்பில் சில மணி நேரம் கிடைக்கவே விஞ்ஞானிகள் வரிசையில் நிற்க வேண்டும். ஒரே நட்சத்திரத்தை ஆண்டுக்கணக்கில் கவனிக்க அதை ஒதுக்குவது எளிதல்ல. மேலும் திருவாதிரை போன்ற பிரகாசமான நட்சத்திரங்கள் நுட்பமான கருவிகளைத் திணறடித்துவிடும்.

ஆர்வலர்களின் முறை எளிமையானது. தராசில் எடைக்கல் வைப்பதுபோல, ஒளி மாறாத பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, 'இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம்' என்று கணித்து, நேரத்தோடு குறிக்க வேண்டும். ஒரு குறிப்பு தனியாக எதையும் சொல்லாது. ஆயிரம் குறிப்புகள் சேர்ந்தால் ஒரு நட்சத்திரத்தின் வரலாறு கிடைக்கிறது.

இந்தக் குறிப்புகளைத் திரட்டுவதற்கென்றே 1911ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் பிறந்தது. ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்ப்பவர்களின் சங்கமான இதைத் தொடங்கிய வில்லியம் டைலர் ஆல்காட் ஒரு வழக்கறிஞர். இன்று இதன் கையிருப்பு 5 கோடி குறிப்புகளுக்கும் மேல். திடீரென்று பிரகாசிக்கும் சில நட்சத்திரங்களை ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் ஆராயும் முன், அவை அடங்கி இருக்கின்றனவா என்று பார்த்துச் சொன்னவர்களும் இந்த ஆர்வலர்களே. அவர்கள் தவறினால் ஹப்பிளின் கருவி பழுதாகும் அபாயம் இருந்தது.

இந்தக் கையிருப்பில் இந்தியாவின் பங்கைச் சொல்ல ஒரு பெயர் போதும்: ராதா கோவிந்த சந்திரா. இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெசோரில் 1878ல் பிறந்தவர். பள்ளி இறுதியில் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றார். அரசுக் கருவூலத்தில் நாணயம் எண்ணும் வேலை கிடைத்தது. 1910ல் ஹாலி வால்நட்சத்திரத்தை பைனாகுலரில் பார்த்தவருக்கு ஆசை அடங்கவில்லை. 1912ல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குல டெலஸ்கோப் ஒன்றை வரவழைத்தார்.

1918 ஜூனில் கருடன் மண்டலத்தில் புதிதாக ஒரு நட்சத்திரம் பளிச்சிட்டது. 20ம் நூற்றாண்டின் மிகப் பிரகாசமான நோவா அது. தான் கண்டதை ஹார்வர்டு ஆய்வுக்கூடத்துக்கு எழுதினார் சந்திரா. விளைவு, அமெரிக்கச் சங்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பகலில் நாணயம், இரவில் நட்சத்திரம். 1954 வரை அவர் அனுப்பிய குறிப்புகள் 37 ஆயிரத்துக்கும் மேல்.

சங்கம் பாராட்டுக் கடிதத்தோடு நிற்கவில்லை. 1926ல் 6 அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கடல் கடந்து அனுப்பி வைத்தது. 1928ல் பிரெஞ்சு அரசும் கவுரவித்தது. கல்லூரி வாசலை மிதிக்காத குமாஸ்தாவின் கண்ணை வெளிநாட்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லையே என்று அவர்கள் பார்க்கவில்லை. குறிப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

தேசப் பிரிவினைக்குப் பின் சந்திரா மேற்கு வங்கத்துக்குக் குடிபெயர்ந்தார். அந்த டெலஸ்கோப் பின்னர் வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைக் காவலூரை அடைந்தது. பொருத்தமான வாரிசுதான். சென்னையில் பிறந்த பாப்புவும் இளமையில் ஆர்வலராகவே ஒளி மாறும் நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். காவலூரின் 2.3 மீட்டர் டெலஸ்கோப் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1975ல், 96 வயதில் மறைந்த சந்திராவின் பெயரோ பலருக்குத் தெரியாது.

விருதும் விழாவும் மட்டுமே அங்கீகாரம் அல்ல. ஆய்வுக் கட்டுரையில் பெயரைக் குறிப்பிடுவது, நல்ல கருவியை நம்பிக் கொடுப்பது ஆகியவையே ஆர்வலர் எதிர்பார்க்கும் மரியாதை. சந்திராவுக்கு அது தபாலில் வந்தது.

கோவண்டிக்கு அடுத்த ஸ்டேஷன் மான்கூர்ட். வானியல் ஒலிம்பியாடுக்கு இந்திய மாணவர்களைத் தயார்படுத்தும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அங்கேதான் இருக்கிறது. தேர்வில் தோற்றவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. ரோகிணியை எடைக்கல்லாக வைத்துத் திருவாதிரையை அளக்க டெலஸ்கோப்கூட வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், நிறையப் பொறுமை இருந்தால் போதும். அமெரிக்கச் சங்கம் யாருடைய குறிப்பையும் ஏற்கத் தயார். உறுப்பினராக வேண்டும் என்றுகூட இல்லை.