அதிகாரத்தை இறக்கி வைத்த ஔந்த் ராஜா

‘பல்லாண்டு வாழ்க’ (1975) படத்தில் எம்.ஜி.ஆர். ஆறு கைதிகளைச் சிறையிலிருந்து அழைத்துப் போய், நிலத்தில் உழைக்க வைத்துத் திருத்துவார். வி. சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ (1957) என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. சாந்தாராமுக்குக் கதையின் வித்து கிடைத்தது சுதந்திரபூர் திறந்தவெளிச் சிறையிலிருந்து. அந்தச் சோதனைக்குத் தன் சமஸ்தானத்தில் இடம் கொடுத்தவர் ஔந்த் ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி.

புனே நகருக்குள் இருக்கும் ஔந்த் வேறு. இது சாத்தாரா மாவட்டத்தில், யமாய் தேவி கோயில் கொண்ட ஊர். சமஸ்தானம் என்று பெயர்தான். மொத்தமே 72 கிராமங்கள், அவையும் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தன. 1909இல் பட்டத்துக்கு வந்த பவன்ராவ் ஓவியர், கீர்த்தனக்காரர், சூரிய நமஸ்காரப் பித்தர். பெல்காமில் பட்டறைக்கு இடமில்லாமல் போன லட்சுமணராவ் கிர்லோஸ்கருக்கு 1910இல் தரிசு நிலமும் கடனும் கொடுத்தார். இரும்புக் கலப்பை செய்த அந்தப் பட்டறையைச் சுற்றி வளர்ந்ததுதான் கிர்லோஸ்கர்வாடி. புனே பண்டார்கர் நிறுவனத்தின் மகாபாரதச் செம்பதிப்புக்கு ஒரு லட்ச ரூபாய் தருவதாகச் சொல்லி ஊக்கம் கொடுத்தவரும் அவரே.

இதெல்லாம் தாராள மனமுள்ள எந்த ராஜாவும் செய்யக்கூடியது. 1938இல் செய்ததுதான் விசேஷம்: ஆளும் அதிகாரத்தையே மக்களிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். உடன் நின்றவர்களில் ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த மகன் அப்பா பந்த். மற்றவர் மாரிஸ் ஃபிரிட்மன். போலந்து யூதர், பெங்களூரில் பொறியாளர், ரமணரைத் தேடித் திருவண்ணாமலைக்கு வந்துபோன காவியுடைக்காரர்.

சட்டம் எழுத காந்தியிடம் போனார்கள். 1939 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கிராமம் பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுக்கும்; அதற்கு மேல் தாலுகா சபை, அதற்கும் மேல் சட்டசபை. ராஜாவின் சொந்தச் செலவுக்கும் வரம்பு உண்டு.

ஒரு நெருடல்: எழுத்தறிவு இருந்தால்தான் வாக்கு. அனைவருக்கும் வாக்கு வேண்டும் என்றிருந்த காந்தியும் இதற்கு இணங்கினார். எழுதப் படிக்கக் கற்க இது தூண்டும் என்று வாதிடலாம். அதுவரை வெளியே நின்றவர்கள் ஏழைகள்தாம் என்பதையும் மறுக்க முடியாது.

1942க்குப் பிறகு நானா பாட்டீலின் ‘பிரதி சர்க்கார்’ என்ற இணை அரசின் போராளிகளுக்கு ஔந்த் கிராமங்கள் புகலிடமாயின. 1948 மார்ச்சில் சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. அதன் சட்டசபையும் முடிந்தது. அப்பா பந்த் இந்தியாவின் பிரதிநிதியாக நைரோபிக்குக் கப்பலேறினார். ராஜா 1951இல் காலமானார்.