சாம்பல் நிறம் யாருடைய விருப்பம்?

டீ ஆறுவதற்குள் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுவோம். தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போகும் சாலையில் வீடுகளைக் கவனித்தபடி போனால், எது எப்போது கட்டியது என்று சுவரே ஓரளவு சொல்லிவிடும். ரோஸ், கிளிப்பச்சை, வான நீலம், கத்தரிப்பூ நிறம் என்றால் பெரும்பாலும் கொஞ்சம் பழைய வீடு. சாம்பலும் வெள்ளையும் என்றால் புதிது. கார்களும் அப்படித்தான். உலகில் புதிதாக வரும் கார்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி என்ற நான்கு நிறங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

நிறம் கிடைக்காததால் இப்படி ஆனதா? இல்லை. நிறத்துக்குப் பஞ்சம் இருந்தது அந்தக் காலத்தில்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அதில் காவியோ நீலமோ கலப்போம். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் கொஞ்சமே. துணிச் சாயமும் செடியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் வந்தவரை விலை அதிகம். 1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். கிடைத்தது ஊதாச் சாயம். அதன் பிறகு நிறம் எல்லாருக்கும் எட்டும் விலைக்கு வந்தது. இன்று பெயின்ட் கடை மெஷின், வெள்ளை பேஸில் சில அடர்சாயங்களைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷேடுகளைத் தந்துவிடுகிறது.

அப்படியானால் மக்களின் ரசனை மாறிவிட்டது என்போம். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம். சாம்பல் சுவர் வைத்த வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குச் சாம்பல் நிறப் பட்டா எடுக்கிறார்கள்? அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்து நிறமும்தானே? சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் நிறத்தின் மேல் நமக்குள்ள ஆசை துளியும் குறையவில்லை என்று தெரியும். ஆசை அப்படியே இருக்கிறது. சுவரையும் காரையும் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நாம் பிறர் கண்ணால் பார்க்கிறோம்.

அது எப்படி என்று பார்ப்போம். ஆயிரம் பேருக்குப் பந்தி போடும் சமையல்காரர் காரத்தைக் குறைத்தே போடுவார். யாருக்கும் அது மிகவும் பிடித்த ருசி அல்ல. ஆனால் யாரும் இலையை மூடி எழுந்துபோக மாட்டார்கள். கார் கம்பெனியும் அப்படித்தான் நிறம் தேடுகிறது. வாங்குகிற நாமோ, நாளை விற்கும்போது வெள்ளைக் காருக்கு ஆள் சுலபமாகக் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறோம். இன்னும் வராத ஒருவருக்காக நிறம் தேர்ந்தெடுக்கிறோம். விற்க நினைக்காத இடங்களில் நிறம் குறையாமல் இருப்பதைக் கவனியுங்கள்: கோயில் கோபுரம், கோலம், மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கொம்பு.

இரண்டாவது காரணம் கண்ணில் படுவதில்லை. பழைய வீட்டின் நிறத்தில் பாதி, பெயின்ட் டப்பாவிலிருந்து வந்ததே இல்லை. ஓடு சிவப்பு, கதவு தேக்கின் பழுப்பு, குடம் பித்தளையின் மஞ்சள், தரை ரெட் ஆக்சைடு. இப்போது கான்கிரீட், அலுமினியம், எவர்சில்வர், கண்ணாடி. பொருள் மாறியபோது அதன் நிறமும் கூடவே போய்விட்டது. பிரிட்டனின் அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் தன்னிடமுள்ள 7,000-க்கும் மேற்பட்ட பொருள்களின் படங்களைக் கணினியால் ஆராய்ந்து 2020-இல் சொன்னதும் இதுதான்: காலம் செல்லச் செல்லச் சாம்பல் கூடியிருக்கிறது, மரம் போய் பிளாஸ்டிக்கும் உலோகமும் வந்தது அதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, வெயில். பளிச்சென்ற கலர் வெளுத்துப்போகும் என்பார் பெயின்டர். பாதி உண்மை. சில செயற்கைச் சிவப்புகளும் ஊதாக்களும் வெயிலில் சீக்கிரம் மங்கும். ஆனால் காவியும் மண்மஞ்சளும் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் உறவு. வெயில் அவற்றை எளிதில் அசைக்காது. இன்னொன்றும் உண்டு. வெள்ளைச் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பும். அடர்சாம்பல் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மேற்குச் சுவருக்கு அடர்சாம்பல் அடித்தால் ராத்திரி அறை புழுங்கும்.

வெள்ளையில் தவறில்லை, விரும்பி எடுத்தால் சாம்பலிலும் தவறில்லை. பயந்து எடுப்பதுதான் வேண்டாம். அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது, பிடித்த நிறத்தைச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு அடித்துக் காலையிலும் உச்சிவெயிலிலும் சாயங்காலமும் பாருங்கள். ஷேடு கார்டில் காண்பது வேறு, சுவரில் காண்பது வேறு. வெயில் தாங்குமா என்று கடையில் கேளுங்கள். குடியிருக்கப்போவது நீங்கள், உங்கள் கண்ணுக்குப் பிடித்ததையே அடியுங்கள்.