எங்கே வெட்டுவது

"எடிட்டிங் கத்துக்கணும்ணே. எந்த ஆப் நல்லாருக்கும்?" என்றான் தம்பி. மதுரை கோரிப்பாளையம் தர்கா பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஆப் எதுவானாலும் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அதற்கு முன்னால் தெரியவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இன்னொரு டீ சொன்னேன்.

மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர் டீ ஆற்றுவதை எடுக்கச் சொன்னேன். எடுத்துக் காட்டினான். படத்தில் மங்கலான பட்டைகள் ஓடின. போன் கோளாறோ என்று பயந்துவிட்டான். கோளாறு தலைக்கு மேல் எரிந்த டியூப்லைட்டில் இருந்தது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இரண்டு தடவை மங்கி எழும். நொடிக்கு 100 துடிப்பு. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றினோம். ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு துடிப்பை வாங்கிக்கொண்டது, பட்டை போய்விட்டது.

வெட்டுவதுதான் பெரிய விஷயம். எதிரே பெஞ்சில் ஒரு பெரியவர் டீக்குக் காத்திருந்தார். அவர் முகத்தை எடுத்திருக்கிறாய் என்று வைத்துக்கொள், ஐந்து நொடி. அதற்கு முன்னால் நுரை பொங்கும் கிளாஸை ஒட்டு. 'பாவம், டீக்கு ஏங்குகிறார்' என்று பார்க்கிறவன் நினைப்பான். கிளாஸை எடுத்துவிட்டு, பெரியாஸ்பத்திரிப் பக்கம் விரையும் ஆம்புலன்ஸை ஒட்டு. 'வீட்டில் யாருக்கோ முடியவில்லை போல' என்பான். முகம் அதேதான். ஒரு தசைகூட மாறவில்லை.

நூறு வருஷத்துக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் இதைச் செய்துபார்த்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த நடிப்பைப் பாராட்டினார்கள் என்று அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதியிருக்கிறார்.

"அப்ப இல்லாத கவலைய நாமளே அவருக்குக் குடுத்துரலாம்ல?" என்றான். அங்கேதான் அவன் வரவேண்டும் என்று காத்திருந்தேன். எதை எதோடு ஒட்டினாய் என்பதில்தான் உன் சொல் இருக்கிறது. பேசினால் எப்படிப் பொறுப்பு உண்டோ, அப்படியே இதற்கும் உண்டு. அந்தப் பெரியவரிடம் கேட்காமல் அவர் முகத்தை எடுக்காதே. கேட்டு எடுத்தாலும் அவரிடம் இல்லாத துயரத்தை ஒட்டாதே.

வெட்டாமல் இருப்பதும் ஒரு சொல்தான். நம் மதுரைக்காரர் ஆர்.பி. அமுதன் 2003-இல் 'பீ' என்றொரு ஆவணப்படம் எடுத்தார். மதுரைத் தெருவொன்றில் மனித மலத்தை அள்ளும் துப்புரவுப் பணியாளரான ஒரு பெண்ணின் பின்னாலேயே கேமரா போகிறது. பார்க்கிற நமக்கு முகம் திருப்பத் தோன்றும். இப்போதாவது வேறு காட்சிக்குப் போகமாட்டாரா என்றிருக்கும். அந்தப் பெண்ணுக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. காட்சி நீள நீள அது நமக்கு உறைக்கிறது. பின்னணி இசை போட்டு, நாலு நொடிக்கு ஒரு வெட்டு வெட்டியிருந்தால் அந்த வேலையின் கனம் நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது. ரீல்ஸ் பார்த்துப் பழகிய கைக்கு இந்தப் பொறுமை வருவது கஷ்டம். வரவேண்டும்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. படமும் ஒலியும் ஒரே இடத்தில் வெட்டுப்பட வேண்டியதில்லை. டீ கிளாஸ் திரையில் இருக்கும்போதே அடுத்த காட்சியின் பஸ் ஹாரனை ஒரு நொடி முன்னால் கேட்கவிடு. காது முதலில் ரோட்டுக்குப் போய்விடும், கண் பின்னாலேயே போகும், ஒட்டிய இடம் தெரியாது. இரண்டு ஷாட்டுக்கு நடுவே ஒலி அறுந்து நிற்கும் இடங்களில் நிரப்பக் கடையின் வெறும் சத்தமும் வேண்டும். யாரும் பேசாமல் ஒரு நிமிஷம் தனியாகப் பதிவுசெய்துகொள்.

போனைப் பெஞ்சில் வைத்தான். பாய்லர் இரைந்தது, கிளாஸ் கழுவும் தண்ணீர் விழுந்தது, ஏ.வி. பாலத்துப் பக்கமிருந்து ஹாரன்கள் வந்தன. ஒரு நிமிஷம் இரண்டு பேரும் பேசவில்லை.